பழைய குபோட்டா: கிளட்சை முழுக்க மிதித்தும் கியர் கடிக்கிறது

கிராஞ்சி_கீரை:
வணக்கம். சிங்கப்பூரில் லிம் சூ காங்கில் ஒரு கீரைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். தவுக்கே (முதலாளி) செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட பழைய குபோட்டா எல் வரிசை டிராக்டர் ஒன்று இருக்கிறது. மாடல் தகடு துருப்பிடித்து எழுத்தே போய்விட்டது. பாத்தி கிளற ரொட்டவேட்டர் மாட்டுவோம், உர மூட்டைக்கு டிரெய்லர் இழுக்கும், அவ்வளவுதான் அதற்கு வேலை.

கிளட்சை அடி வரைக்கும் மிதித்தாலும் முதல் கியர் கரகரவென்று கடித்துக்கொண்டுதான் விழுகிறது. ரிவர்ஸ் இன்னும் மோசம். எஞ்சினை அணைத்துவிட்டுப் போட்டால் எல்லா கியரும் சத்தமில்லாமல் விழுகின்றன. பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். 60 மில்லிமீட்டர் வரை கனமே தெரியாமல் இறங்குகிறது, அப்புறம்தான் பிடிக்கிறது. போன வருடம் இவ்வளவு லொடலொடப்பு இல்லை. போதாக்குறைக்கு வேகம், மெதுவு என்று மாற்றும் ஹை-லோ லீவர் வேறு, வாசல் ஏற்றத்தில் தானாக நியூட்ரலுக்கு நழுவுகிறது.

பார்க்க வந்த ஒருவர், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து தவுக்கே விற்றுவிடும் யோசனையில் இருக்கிறார். பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா?

யீஷூன்_லோரி:
பெடலுக்குக் கீழே போகும் ராடில் டர்ன்பக்கிள் (ராட் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி அதைத் திருப்புங்கள். பெடலில் 20 முதல் 30 மில்லிமீட்டர் பிளே (கனமில்லாமல் இறங்கும் தூரம்) வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள். அரை மணி நேர வேலை.

பழைய_ஸ்பேனர்:
அளவு சரிதான். ஆனால் தம்பி, எடுத்தவுடன் டர்ன்பக்கிளில் கை வைக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது.

பிளேட் தேய்ந்தால் பெடல் பிளே அதிகமாகாது, குறையும். அந்தத் தட்டு மெலிய மெலிய, அதை எஞ்சின் ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் ஃபிளைவீல் பக்கம் நகரும். அதன் விரல்களின் (நெம்பு கைகளின்) நுனி, பெடலை மிதித்தால் அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நெருங்கி வரும். கடைசியில் பெடலைத் தொட்டதுமே கனம் தெரியும், பாரம் இழுக்கும்போது கிளட்ச் வழுக்கும். உங்களுக்கு நடந்திருப்பது நேர் எதிர். பிளே கூடியிருக்கிறது. அப்படியென்றால் தேய்மானம் பெரும்பாலும் வெளியே, பெடலுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) நடுவில். இதைப் பார்க்காமல் பிரிக்கச் சொன்னவரை என்ன சொல்வது!

குளுவாங் பக்கம் எஸ்டேட் பட்டறையில் காலத்தை ஓட்டியவன் நான். செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டர்களிலும் இதே கதைதான். எஞ்சினை அணையுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும், சக்கரத்துக்கு அடை கொடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அமுக்கட்டும். நீங்கள் கீழே குனிந்து, எது நகர்கிறது, எது சும்மா நிற்கிறது என்று பாருங்கள். பெடல் அசைந்து ராட் அசையாமல் நின்றால் அங்கே இரண்டையும் இணைக்கும் பின் (ஆணி) தேய்ந்துவிட்டது. ராட் அசைந்து, பெல் ஹவுசிங் பக்கத்துக் கை தாமதித்தால் அடுத்த பின். கை அசைந்தும் அதைத் தாங்கும் ஷாஃப்ட் திரும்பவில்லையென்றால் அதன் போல்ட்டோ, கையை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கட்டையோ தளர்ந்திருக்கிறது.

சந்தேகப்படும் பின்னைக் கழற்றி நகத்தால் தடவுங்கள். தேய்ந்த இடத்தில் படி மாதிரி தட்டுப்படும். துளையும் முட்டை வடிவமாகியிருந்தால் புதுப் பின் மட்டும் போதாது. துளையைச் சீராகக் கடைந்து புஷ் (உள்ளே பொருத்தும் உலோக வளையம்) போட வேண்டும். பின் கழன்றுவிடாமல் தடுக்கும் காட்டர் பின்னும் புதிதாகவே போடுங்கள், பழைய ஆணியை வளைத்துச் செருகும் பழக்கம் வேண்டாம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டர்ன்பக்கிள். தரையில் ஸ்கேலை நிறுத்திப் பெடல் முகத்தில் பிளேயை அளந்து பாருங்கள். சிலர் பிளேயே இல்லாமல் இறுக்கிவிடுவார்கள். கியர் அழகாக விழும், மனம் குளிரும். ஆனால் ரிலீஸ் பேரிங் நாள் முழுக்க விரல்களில் உரசிச் சுற்றித் தீய்ந்துவிடும். அப்புறம் டிராக்டரைப் பிரித்தே ஆக வேண்டும்.

கிராஞ்சி_கீரை:
அண்ணே, நீங்கள் சொன்ன இடம்தான். ராட் முனையில் இருந்த பின் ஒரு பக்கம் ஏறக்குறைய பாதி தேய்ந்திருந்தது. சுங்கை காடுட்டில் ஒரு லேத் பட்டறையில் புஷ்ஷும் பின்னும் போட்டுக் கொடுத்தார்கள். அதிலேயே பிளே 40க்கு வந்துவிட்டது. மிச்சத்தை டர்ன்பக்கிளில் குறைத்து 25இல் நிறுத்தினேன். முதல் கியர் சத்தமில்லை. ரிவர்ஸ் மட்டும் உடனே போட்டால் லேசாகக் கடிக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் போட்டால் இல்லை. லீவர் இன்னும் நழுவுகிறது.

பழைய_ஸ்பேனர்:
பொறுத்துப் போட்டால் சரியாக விழுகிறதா, கவலையை விடுங்கள். பெடலை மிதித்த பிறகும் உள்ளே ஷாஃப்ட் சில நொடி சுற்றிக்கொண்டிருக்கும், அது நிற்க வேண்டும். எவ்வளவு பொறுத்தாலும் கடித்தால்தான் பிளேட் ஒட்டியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நம் ஊர் ஈரத்தில் வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பிளேட் துருவில் ஒட்டிக்கொள்ளும். அப்படி நிறுத்துவதாக இருந்தால் பெடலை அமுக்கி ஒரு கட்டை கொடுத்து வையுங்கள்.

லீவருக்கு: இணைப்பு ராடைக் கழற்றி, கியர்பாக்ஸ் பக்கத்துக் கையை விரலால் தள்ளுங்கள். உள்ளே கியரை நழுவாமல் பிடிக்கும் சிறு குண்டு பள்ளத்தில் டக்கென்று உட்காருவது தெரியும். கையை அங்கேயே விட்டு, மேலே லீவரையும் அதே நிலையில் வைத்து, பின் தானாக நுழையும் அளவுக்கு ராட் நீளத்தை மாற்றுங்கள். நெம்பி நுழைத்தால் பயனில்லை. ஹை, லோ இரண்டிலும் சரிபாருங்கள். டக்கென்ற உணர்வே இல்லாவிட்டால் குண்டை அழுத்தும் ஸ்பிரிங் போயிருக்கலாம், கியர் பல் முனை மழுங்கியும் இருக்கலாம். பல் என்றால் கியர்பாக்ஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அதுவரை டிரெய்லரோடு அந்த ஏற்றத்தில் போகாதீர்கள். நியூட்ரலுக்கு நழுவினால் எஞ்சின் பிடிப்பு போய்விடும், பிரேக்தான் மிச்சம். இடது, வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு இணைத்திருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள். லீவரைக் கயிறு போட்டுக் கட்டும் வேலை மட்டும் வேண்டாம், அவசரத்துக்கு நியூட்ரல் கிடைக்காது.