நீள அத்தியாயமா, குட்டி அத்தியாயமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பூன்லே வாசகி:
நூலகப் புத்தகம், 21 நாள் தவணை, அன்றுதான் கடைசி நாள். வேறு யாரோ ரிசர்வ் செய்திருந்ததால் புதுப்பிக்கவும் முடியவில்லை. எம்ஆர்டி ரயிலில் ஓட்டமாகப் படிக்கிறேன். அத்தியாயம் அறுபது பக்கம், நடுவே ஒரு நட்சத்திரக் குறிகூட இல்லை. கதையில் அப்பா கடிதத்தைப் பிரிக்கிறார். நான் இறங்கவேண்டிய ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷன் வந்துவிட்டது. மூடினேன். மாலையில் நூலகத்தின் புக்டிராப் பெட்டியில் போட்டாயிற்று. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் புரட்டினால் அந்த இடம் அகப்படவே இல்லை. தலைப்பு இருந்தால்தானே தேடுவதற்கு!

இரவுப்பணி:
என் கதை நேர்மாறு. பாட்டிக்குக் கண்ணில் புரை. தினமும் இரவு பொன்னியின் செல்வனில் ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டுவேன். 1950இலிருந்து வாராவாரம் வந்த தொடர்கதை, அதனால் எல்லாம் கைக்கு அடக்கமான அத்தியாயங்கள். ஆனால் ஐந்தாம் பாகத்தில் மட்டும் 91! ஒருநாள் தூக்கம் தாங்காமல் பாதியில் நிறுத்தி, "முடிஞ்சுது பாட்டி" என்றேன். பாட்டி கண்ணைத் திறக்காமலே, "பொய் சொல்லாத. முடிஞ்சிருந்தா இந்நேரம் யாராவது கதவைத் தட்டியிருப்பான்" என்றார்.

செங்காங் அப்பா:
வாசகி, தப்பு அத்தியாயத்தின் மேல் இல்லை. நான் ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கு ஓர் அத்தியாயம், பாதித் தாள் வெறும் வெள்ளை. காகிதத்துக்கா காசு கொடுத்தேன்? நீளமாக எழுதுபவன் நம்மை உள்ளே உட்கார வைக்கிறான். நீங்கள் செய்ய வேண்டியது, இறங்கும்முன் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்வது. அல்லது மின்னூல் எடுங்கள், அத்தியாயம் முடிய எத்தனை நிமிடம் என்று கிண்டிலே காட்டும். புறப்படும்போதே எந்த ஸ்டேஷன் வரை எத்தனை பக்கம் என்று கணக்குப் போடுங்கள். ரயில் கட்டணத்துக்கான ஈஸிலிங்க் அட்டையை மட்டும் அடையாளத்துக்குச் செருகாதீர்கள். கேட்டில் நின்று புத்தகத்தை உதறியிருக்கிறேன், பின்னால் ஒரு வரிசையே முறைத்தது. அப்புறம், படிக்கும்போது பென்சிலால்...

பூன்லே வாசகி:
நூலகப் புத்தகத்தில் பென்சிலா? அண்ணே, நான் யோசனை கேட்கவில்லை. அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள், போதும்.

இரவுப்பணி:
எந்தப் புத்தகம் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லையே?