ஆக்டேவியா ஆர்எஸ் 230: ஸ்டேஜ் 1 போட்டால் கியர்பாக்ஸ் தாங்குமா?

வணக்கம்ங்க. கோவையில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 வைத்திருக்கிறேன். 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ் பவர், 350 என்எம் டார்க். படிப்படியாகப் பவரை ஏற்ற ரொம்ப நாள் ஆசை.

ஸ்டேஜ் 1 என்றால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மேப்பை, அதாவது அதிலுள்ள செட்டிங்கை, மட்டும் மாற்றி பூஸ்ட்டை (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கூட்டுவது. ஸ்டேஜ் 2-க்கு டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை) எல்லாம் சேரும். இதுவரை சரி. என் கவலை கியர்பாக்ஸ்தான். இதிலுள்ள ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), மாடல் பெயர் டிக்யூ250, 350 என்எம் அளவுக்கென்று செய்தது. ஸ்டேஜ் 1-லேயே டார்க் அதைத் தாண்டிவிடும். டிஎஸ்ஜி மேப்பையும் மாற்றி கிளட்ச் அழுத்தத்தைக் கூட்டினால் போதுமா, இல்லை கிளட்ச் பேக்கையே (கிளட்ச் தட்டுகளின் தொகுப்பு) மாற்ற வேண்டுமா?

அப்புறம் சூடு. சித்திரை வெயிலில் அவிநாசி ரோட்டு டிராஃபிக்கில் ஊர்ந்தாலே இன்டேக் காற்று கொதிக்கிறது. காற்று சூடானால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றித் தானாக எரிந்து இன்ஜின் தட்டுவது) வராமலிருக்க ஈசியு இக்னிஷன் டைமிங்கைக் குறைக்கும், அதாவது ஸ்பார்க்கைத் தாமதமாக்கும். ஏற்றிய பவரும் போய்விடும். அதனால் ஸ்டேஜ் 1-க்கு முன்பே பெரிய இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) போடுவதுதான் சரி என்று நினைக்கிறேன். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் இந்த வண்டி ஓட்டும் அண்ணன்மார் சொல்லுங்க.

95 ஆக்டேன் பெட்ரோலுக்கு மேப் போட்டவர்கள் டைனோ ஷீட் (பவர், டார்க் அளந்த ரிப்போர்ட்) இருந்தால் பகிருங்கள். ஈரோடு, திருப்பூர், சேலம் பக்கம் நல்ல ட்யூனர் இருந்தாலும் வண்டியை எடுத்து வரத் தயார்.