கலைச்சொல்: மார்மன் ஊழியர்களின் 'கம்பேனியன்' – உடனூழியர் சரியா?

நண்பர்களே, வணக்கம்.

மார்மன் சபையின் ஊழியர்கள், அதாவது மதத்தைப் பரப்பப் போகிறவர்கள், தம்மோடு சேர்த்துப் போடப்படும் இன்னோர் ஊழியரைக் 'கம்பேனியன்' என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நான் கேட்டதற்குப் பலரும் பதில் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. துணைவர், தோழர், கூட்டாளி, இணையர், சக ஊழியர், துணையூழியர் என்று வந்த எல்லாவற்றையும் என் மொழிபெயர்ப்பில் போட்டு வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏதோ ஓர் இடத்தில் இடறுகிறது. அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று நான் சரியாகச் சொல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போய்வந்த ஓர் இளைஞரின் நினைவுக்குறிப்புதான் நான் மொழிபெயர்ப்பது. இந்தச் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பையன்கள் 18 வயதிலேயே கிளம்பலாம் (2012 அக்டோபர் வரை 19). அவர்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, அமெரிக்கக் குடும்பங்கள் மாதாமாதம் 400 டாலர் கட்டிவந்தன, 2020 ஜூலையிலிருந்து அது 500. எந்த நாட்டுக்குப் போகப்போகிறோம் என்பது அழைப்பு வரும்வரை தெரியாது. யாரோடு தங்கப்போகிறோம் என்பதும் அப்படித்தான், அதை அங்கே ஊழியர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் மிஷன் தலைவர் முடிவு செய்கிறார்.

முகம் தெரியாத ஒருவனோடு ஒரே அறையில் படுத்து, 6:30க்கு எழுந்து, சேர்ந்து ஜெபித்து, சேர்ந்து படித்து, வெள்ளைச் சட்டையும் டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக ஒன்றாகச் சைக்கிள் மிதித்து, ஒன்றாகக் கதவு தட்டி, ஒன்றாகத் துரத்தப்பட்டு, 10:30க்கு விளக்கணைக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. குளியலறைக்குள் போனால் உண்டு தனிமை, மிஷன் தலைவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் உண்டு, மற்றபடி இல்லை. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவனும் வீட்டோடுதான். பெற்றோரிடம் பேசுவதுகூட 2019 பிப்ரவரிக்கு முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான், மற்ற வாரங்களில் மின்னஞ்சல். ஆகவே இருபது வயதுப் பையனுக்கு அந்த ஊரில் அம்மா, அண்ணன், நண்பன் எல்லாம் அந்த ஓர் ஆள்தான், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்ற அறிவிப்பு வரும், அதில் பெயர் இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊர், வேறு ஆள்.

நினைவுக்குறிப்பில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. வாரத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து ஒருவரைப் பற்றி ஒருவர் மனதில் இருப்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், இது அவர்களுடைய நடைமுறை. நினைவுக்குறிப்பை எழுதியவருடன் இருந்தவர் ஜப்பானியர், மனத்தாங்கலை நேருக்கு நேர் சொல்லிப் பழக்கமில்லாதவர். தாழ்ந்த மேசைக்கு அந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, 'ஒன்றுமில்லை' என்று மூன்று வாரம் சொல்லிவிட்டு, நான்காவது வாரம் 'நீ மேட்டில் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விடுகிறாய், திரும்பிப் பார்ப்பதே இல்லை' என்று சொல்கிறார். இவருக்கு முகம் சிவந்துவிடுகிறது. இந்தப் பத்தியில் 'என் துணைவர்' என்று எழுதினால் வாசகர் கணவன் மனைவி என்று நினைப்பார். 'இணையர்' இன்று போய்ச் சேர்ந்திருக்கும் இடமும் அதுதான். 'தோழர்' என்றால் கொடி கண்முன் வருகிறது, போதாததற்கு தோழரை நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம். 'கூட்டாளி' இலங்கைத் தமிழில் அழகான சொல், நம் செய்தித்தாள்களோ அதைக் கொள்ளைக் கும்பலோடு சேர்த்துவிட்டன.

பிற மொழிகளில் இந்தச் சபையினர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தேன். ஸ்பானியத்தில் 'கொம்பன்யேரோ', கூட இருப்பவன் என்ற பொருள். பிரெஞ்சில் 'கொலேக்', ஜெர்மனில் 'மிட்டார்பைட்டர்', ஜப்பானியத்தில் 'தோர்யோ', மூன்றும் உடன் வேலை செய்பவர் என்பதைத்தான் சொல்கின்றன. நமக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. பவுல் தன்னோடு ஊழியம் செய்தவர்களை 'உடன்வேலையாள்' என்று சொல்வது தமிழ் வேதாகமத்தில் பல இடங்களில் வருகிறது. ஊழியம், ஊழியர் இரண்டும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் தினமும் பேசும் சொற்கள். சேர்த்தால் உடனூழியர். 'உடன்' என்பதற்குள்ளேயே கூடவே இருத்தல் இருக்கிறது, உடன்பிறந்தார் மாதிரி நாம் கேட்டு வாங்காத உறவும் இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். என் வாக்கு இதற்குத்தான்.

---

தம்பிக்கு,

நல்ல விளக்கம். இருந்தாலும் நான் சொன்ன 'துணையூழியரை' அவ்வளவு சுருக்காகத் தள்ளிவிடாதீர்கள். ஒருவர் மூத்தவர், மற்றவர் இளையவர் என்ற ஏற்பாடு அவர்களிடம் உண்டு, புதிதாக வருபவரைப் பழக்குவதற்கென்றே ஒருவரைப் போடுவார்கள். அந்த வித்தியாசத்தை 'உடன்' மழுப்பிவிடுகிறது. தவிர, துணை என்றால் தமிழில் வழித்துணை, பேச்சுத்துணை. அந்நிய ஊரில் ஒரு பையனுக்கு வேண்டியது துணைதானே ஐயா? இன்னொன்று: ஆங்கிலத்தில் அந்த இருவரைச் சேர்த்துச் சொல்லும் 'கம்பேனியன்ஷிப்'புக்கு என்ன செய்வீர்கள்? 'ஊழிய இணை' என்று வைக்கலாமா?

---

ஐயா, வணக்கம்.

வழித்துணை என்ற சொல்லில் எனக்கும் ஆசை உண்டு, ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பாகவே வைத்திருக்கிறேன். ஆனால் 'துணை' ஒரு பதவியின் முன்னால் வந்து நின்றதும் அதன் பொருளே மாறிவிடுகிறது. துணைவேந்தர், துணை ஆட்சியர், துணைத் தலைவர். துணையூழியர் என்றால் யாரோ ஒரு பெரிய ஊழியருக்குக் கீழே இருப்பவர் என்றுதான் படுகிறது. இங்கே மூத்தவரும் இளையவரைக் 'கம்பேனியன்' என்கிறார், இளையவரும் மூத்தவரை அப்படியே சொல்கிறார், அடுத்த இடமாற்றத்தில் இளையவரே மூத்தவராகிவிடுவார். 'மூத்த உடனூழியர்' என்று சொன்னால் தெளிவாக இருக்கிறது. 'மூத்த துணையூழியர்' மேலே இருக்கிறாரா கீழே இருக்கிறாரா?

நீங்கள் சொல்லும் துணை நினைவுக்குறிப்பில் நிறையவே இருக்கிறது, அதை நான் விடமாட்டேன். இந்தச் சபையின் முதல் ஊழியர்கள் 1901 ஆகஸ்டில் யோகோஹாமாவில் வந்து இறங்கினார்கள், ஹீபர் ஜே. கிராண்டும் இன்னும் மூவரும். அவர்களில் இளையவரான ஆல்மா டெய்லருக்கு அப்போதுதான் 19 முடிந்திருந்தது. ஜப்பானியம் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் வந்தவர், உடன் வந்தவர்கள் திரும்பிய பிறகும் 1910 வரை தங்கி, 1909இல் இந்தச் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தை அந்த மொழியில் கொண்டுவந்தார். சொல்லுக்காக அலைகிற நமக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை வருவது இயல்புதான். அவரைப் பற்றிய பகுதியில் துணை என்ற சொல்லை வினையாகவும் பெயராகவும் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

'ஊழிய இணை' பற்றி: ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், அல்லது ஒருவர் பாதியில் ஊர் திரும்பிவிட்டால், மூன்று பேரைச் சேர்த்துப் போடுவதும் உண்டு. மூவரை இணை என்று எப்படிச் சொல்வது? எனக்குத் தோன்றுவது, அதற்குத் தனிச்சொல்லே வேண்டாம். 'உடனூழியர் இருவரும்', 'உடனூழியர் மூவரும்' என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை.

மற்ற சொற்கள் பெரும்பாலும் தீர்ந்தன. ஊழியப் பையன்களின் பெயருக்கு முன்னால் வரும் 'எல்டர்' என்பதற்கு அந்தச் சபையின் தமிழ் வெளியீடுகளிலேயே 'மூப்பர்' என்றிருக்கிறது, 18 வயதுப் பையனுக்கு அது பொருந்துமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார், ஆங்கிலத்திலும் அதே முரண்தான், அப்படியே இருக்கட்டும். துணி துவைத்து, கடைக்குப் போய், வீட்டுக்கு எழுதும் அந்த வார நாளுக்கு 'ஆயத்த நாள்'. வேதாகமத்தில் அது ஓய்வுநாளுக்கு முந்தின நாள், ஆனாலும் குழப்பம் வராது. முன்பின் தெரியாத வீடுகளில் போய்க் கதவு தட்டுவதற்குக் 'கைப்பிரதி ஊழியம்' என்று போட்டிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். இப்போது பெரும்பாலும் பிரதி கொடுப்பதில்லை, பேசத்தான் போகிறார்கள். 'வீடு சந்திப்பு' என்றால் போதகர் தெரிந்த குடும்பத்தைப் பார்க்க வருவது. எனவே வெறும் 'கதவு தட்டல்'.

பாக்கி இருப்பது 'டிரங்க்கி'. ஊழியம் முடியும் கட்டத்தில் உடம்பு அங்கேயும் மனசு ஊரிலுமாக இருப்பவனைக் கேலியும் பரிவுமாகச் சொல்லும் சொல், டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தது. 'மூட்டை கட்டிட்டான்' என்று பேச்சில் சொல்வோமே, அந்தத் தொனியில் ஒரே சொல் யாருக்காவது கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், ஏழாவது அத்தியாயம் அதற்காகத்தான் நிற்கிறது.