உலகமய நீக்கமா, விலக்கலா, விலகலா?

ஐயா, வணக்கம்.

deglobalisation என்பதற்குச் சொல்லடைவில் இட நீங்கள் முன்வைத்த "உலகமய நீக்கம்" காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நீக்கம் என்றால் நீக்குபவர் ஒருவர் வேண்டும். அரசு கதவைச் சாத்துவதும், டொலர் தீர்ந்து கதவு தானே சாத்திக்கொள்வதும் ஒன்றல்ல. உலகமயமாதல், உலகமயமாக்கல் என்று உலகமயத்துக்கு ஏற்கெனவே தன்வினை பிறவினை இருக்கின்றன. அதே தடத்தில் விலகல், விலக்கல் என்று வைக்கலாமே.

இலங்கையில் 1970–77 காலத்தில் மிளகாய், வெங்காய இறக்குமதியை அரசு கட்டுப்படுத்தியது விலக்கல். 2022இல் எரிபொருள் கப்பல் கடலில் காத்து நிற்க, கொடுக்க டொலர் இல்லாமற் போனது விலகல். 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கட்டளை இருப்பதால் அதை விலக்கல் என்றே எழுதுவேன்.

"இறக்குமதிப் பிரதியீடு" (இறக்குமதிக்குப் பதில் உள்ளூரிலேயே செய்துகொள்வது) என்ற சொல் போதாதா என்று கேட்டவருக்கு: திருகோணமலைச் சீனன்குடா மா ஆலையைப் பாருங்கள். 1980இல் இயங்கத் தொடங்கியது, அதுவும் இறக்குமதியைத் தளர்த்திய திறந்த பொருளாதாரம் வந்த பிறகு. வெளியிலிருந்து வந்த மாவுக்குப் பதில் இங்கேயே அரைத்த மா. ஆனால் இலங்கையில் வணிக அளவில் கோதுமை விளைவதில்லை. மணி கப்பலில்தான் ஆலைக்கு வருகிறது. மாவில் பிரதியீடு நடந்தது, கோதுமையில் விலகல் இல்லை.

அரசியல் விளைவும் சொல்லைப் பொறுத்தது. விலக்கலில் அனுமதிப்பத்திரம், கோட்டா, கூட்டுறவுக் கடைப் பங்கீடு என்று எல்லாம் ஒரு கையொப்பத்தில் வந்து நிற்கும். 1973இல் மாவட்ட அரசியல் அதிகாரி முறை வந்தபோது அந்தக் கையொப்பம் ஆளுங்கட்சிக்காரரிடம் போனது. ஆகவே பாண் வரிசையில் நின்றவருக்கு யாரைக் கோபிப்பது என்று தெரிந்திருந்தது. 1977 யூலைத் தேர்தலில் 168 இடங்களில் ஆளுங்கட்சியான சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை 8.

ஆனால் அதே காலத்தில் யாழ்ப்பாண மிளகாய், வெங்காயச் செய்கையாளருக்கு நல்ல விலை. அந்த விலை அரசுக்கு வாக்காக மாறவில்லை. பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலும் மொழியும் காணியும் அங்கே பெரிதாக நின்றன. திருகோணமலையில் இரா. சம்பந்தன் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் வென்றதும் அதே தேர்தலில்தான். எனவே சொல்லுக்கான விளக்கத்தில் "வாக்கிழப்பை உண்டாக்கும்" என்று எழுத வேண்டாம்.

——

தம்பி,

விலகல், விலக்கல் இரண்டையும் ஏற்கிறேன். ஒரு சிக்கல்: வரிவிலக்கு என்பதில் விலக்கு என்றால் சலுகை. "உலகமய விலக்குக் கொள்கை" என்று யாராவது சுருக்கினால் உலகமயத்துக்குச் சலுகை கொடுத்ததாகப் பொருள்படும். தொழிற்பெயரைச் சுருக்காமல் "உலகமய விலக்கற் கொள்கை" என்றே பதிவோம். ஒரு ககர ஒற்று விழுந்தால் அரசு செய்தது தானாக நடந்ததாகிவிடும். அதனால் சொல்லடைவில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, எடுத்துக்காட்டாக உங்கள் வெங்காயத்தையும் எரிபொருள் கப்பலையும் சேர்த்துவிடுங்கள்.