உப்பு ஏறிய வயலில் சம்பா: ஊக்கி தெளித்தால் தாங்குமா?

கேள்வி (தலைஞாயிறு பக்கம்):
எங்களுடையது அடப்பாற்றை ஒட்டிய கடைமடை வயல். சம்பா நட்டு மூன்று வாரம் ஆகிறது. வாய்க்கால் பக்கம் பயிர் பச்சையாக நிற்கிறது. எதிர் மூலையில் மட்டும் அடி இலைகள் நுனியிலிருந்து வெளுத்துக் கருகுகின்றன. தண்ணீர் வற்றினால் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. மருந்துக்கடையில் பிராசினோலைடு என்ற பயிர் வளர்ச்சி ஊக்கியைக் காட்டி, "இதை அடிங்க, உப்பெல்லாம் ஓடிடும்" என்கிறார்கள். பக்கத்து வயல்காரர் ஜிப்ரலிக் அமிலம் என்ற இன்னொரு ஊக்கியை அடிக்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில் 1 (வேதாரண்யம்):
தம்பி, இப்போதைக்கு ரெண்டையும் வாங்காதீங்க. எந்த ஊக்கியும் மண்ணில் இருக்கிற உப்பை ஒரு சிட்டிகை கூடக் குறைக்காது. கடைக்காரர் டானிக் விற்கிறார், சொல்லத்தான் செய்வார்.

உப்பு ஏறினால், தண்ணீர் நின்றாலும் வேரால் இழுக்க முடியாது. சோடியம் உள்ளே போய்ப் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கும், முதிர்ந்த இலை முதலில் கருகும். அந்த நெருக்கடியில் பயிருக்குள் வளர்ச்சியை அடக்குகிற அப்சிசிக் அமிலம் கூடும், வளர்ச்சியைத் தூண்டுகிற சைட்டோகைனின் குறையும், வளர்ச்சி நின்றுபோகும். ஊக்கி தெளிப்பது அந்த நிலையிலிருந்து பயிரைக் கொஞ்சம் தேற்றத்தான்.

முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்க. கரைந்த உப்பைக் காட்டுகிற மின்கடத்துதிறன் (EC) 4 dS/m-க்கு மேல், காரத்தன்மையைக் காட்டுகிற பி.எச். 8.5-க்குள் இருந்தால் உவர். பி.எச். 8.5-ஐத் தாண்டினால் களர், அதாவது சோடியம் மிகுந்த மண், அதற்குத்தான் ஜிப்சம். உவர் நிலத்தில் ஜிப்சம் கொட்டினால் காசுதான் கரையும். நீங்க சொல்கிற வெள்ளைப் பூப்பு உவர் மாதிரிதான் தெரியுது.

மழை பெய்யும்போது வயல் நிறையத் தண்ணீர் கட்டி, வடிகாலில் வடித்துவிட்டு, திரும்பக் கட்டுங்க. அந்த மூலையைக் காயவே விடாதீங்க. காய்ந்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். ஆற்றில் கடல் தண்ணீர் எதிர்த்து வருகிற நேரத்தில் மடையைத் திறக்க வேண்டாம்.

தெளிப்பு அப்புறம்தான். நெல்லுக்கு உப்பு ரொம்ப உறைப்பது நட்ட இளம் பருவத்திலும், கதிர் உருவாகிப் பூக்கிற பருவத்திலும். வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது 100 பிபிஎம் சாலிசிலிக் அமிலம், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 1 கிராம். பொடி பச்சைத் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும். கொஞ்சம் ஸ்பிரிட்டில் கரைத்து, கலக்கிக்கொண்டே டேங்கில் ஊற்றணும். பிராசினோலைடும் பரிந்துரையில் உண்டு (0.5 பிபிஎம்). பாட்டிலுக்குப் பாட்டில் வீரியம் மாறும், லேபிளைப் பார்த்துக் கலக்குங்க.

ஜிப்ரலிக் மட்டும் வேண்டவே வேண்டாம். அது தண்டை நீட்டும். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் நீண்ட பயிர் என்னாகும்னு நம்ம பக்கத்து ஆளுக்குச் சொல்லணுமா?

பதில் 2 (நன்னிலம்):
அண்ணன் சொன்னதோடு ஒன்று. பிபிஎஃப்எம் என்று திரவமாகக் கிடைக்கும். இலையில் வாழ்கிற பாக்டீரியா, சைட்டோகைனின் சுரக்கும். பூச்சிமருந்தோடு கலந்தால் செத்துவிடும், தனியாக அடிக்கணும். அடுத்த போகத்துக்கு ரகத்தையும் யோசியுங்கள். களர் என்று வந்தால் திருச்சி 3, உவர் என்றால் நம்ம பழைய குழியடிச்சான்.

கேட்டவர்:
நன்றிண்ணே. மண் எடுத்துவிட்டேன், நாளைக்குக் கொடுக்கிறேன். தெளிக்க போர் தண்ணீர் போதுமா?

பதில் 1:
வாயில் ஊற்றிப் பாருங்க. கரித்தால் வேண்டாம், இலை மேலேயே உப்பை அடித்த மாதிரி ஆகும். மழைத் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ எடுத்து, வெயில் தாழ்ந்த பிறகு அடிங்க.