குறும்படத்துக்கு இருக்கும் கொஞ்சப் பணம்: கேமராவுக்கா, ஒலிக்கா?

புதுக்கதை:
மூன்று பேர் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். முக்கால்வாசி ஒரே வீட்டுக்குள், கடைசிக் காட்சி மட்டும் வெயிலில், தெருவில். கையில் ஒரு நல்ல மொபைல் இருக்கிறது. அதில் எடுத்துப் பார்த்த காட்சிகள் பரவாயில்லை, ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. பழைய கேமரா ஒன்று வாங்கலாம், இல்லையென்றால் ஒலிக் கருவிகள் வாங்கலாம், இரண்டுக்கும் பணம் போதாது. கேமரா மேல் மாட்டும் சின்ன ஷாட்கன் மைக் (நேர் எதிரே வரும் ஒலியையே முக்கியமாகப் பிடிக்கும் குழாய் வடிவ மைக்) போதும் என்கிறான் நண்பன். டப்பிங் செய்யலாமென்றால் நடிப்பவர்கள் எல்லாரும் புதியவர்கள், ஸ்பாட்டில் வந்த உணர்வு மைக் முன்னால் நின்று பேசும்போது வருமா என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பூம்காரன்:
ஒலிக்குச் செலவு செய்யுங்கள். வசனத்தை நம்பி நிற்கும் படத்தில் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

உங்களுக்குக் கேட்கும் அந்தக் கிணற்றுச் சத்தத்துக்குக் காரணம் தூரம்தான். பேசுபவரிடமிருந்து மைக் இரண்டு மடங்கு தள்ளிப்போனால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் குறையும், ஆனால் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதனால்தான் எவ்வளவு நல்ல மைக்கையும் கேமரா மேல் வைத்தால் வீணாகிறது, ஏனென்றால் கேமரா எங்கே நிற்கிறதோ அங்கேதான் மைக்கும் நிற்கும். சாதாரண மைக்காக இருந்தாலும் பூம் எனப்படும் நீளக் கம்பில் கட்டி, ஃபிரேமுக்கு வெளியே, தலைக்கு மேல் அரை மீட்டர் தூரத்தில் வாயைப் பார்த்துப் பிடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். பிடிக்க ஒருவரை வேறு வேலை எதுவும் கொடுக்காமல் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, சின்ன அறைக்குள் நீளமான ஷாட்கன் சரிப்பட்டு வராது. பக்கவாட்டிலிருந்து வரும் எதிரொலி அதன் குழாய்க்குள் புகுந்து குரலின் நிறத்தையே மாற்றிவிடும். உள்ளே எடுக்க ஹைப்பர்கார்டியாய்டு வகைச் சிறிய மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் எடுக்கும், ஆனால் நீளக் குழாய் இருக்காது) நல்லது. ஷாட்கனைத் தெருக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ரோம உறை கட்டாயம், லேசான காற்றுகூட டேக்கைக் கெடுத்துவிடும்.

ரெக்கார்டர் என்றால் ஜூம் எஃப்3 மாதிரி 32 பிட் ஃப்ளோட்டில் (மெல்லிய ஒலியையும் மிகப் பெரிய ஒலியையும் ஒன்றாகத் தாங்கும் முறை) பதியும் ஒன்று. யாராவது திடீரென்று கத்தினாலும் ஒலி உடையாது, எடிட்டில் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் எதிரொலியையும் ஃபேன் சத்தத்தையும் அது நீக்கிவிடாது. அதை அறையில்தான் சரிசெய்ய வேண்டும். ஃபேன், ஃபிரிட்ஜ் அணையுங்கள், தரையில் கனமான போர்வை விரியுங்கள், கேமரா பார்க்காத சுவரில் இன்னும் இரண்டு தொங்கவிடுங்கள். அப்புறம் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன், வயர் உள்ளது. ப்ளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும்.

பழைய_லென்ஸ்:
மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் மொபைல் கேமராவை அப்படியே ஆட்டோ மோடில் விடாதீர்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம். உங்கள் மொபைலில் வேலை செய்தால் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்), ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவிடலாம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் இருக்கும் இடமென்றால் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50. 60 ஹெர்ட்ஸ் என்றால் 24 ஃபிரேம், 1/60. இல்லாவிட்டால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும். வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும், பெரும்பாலான மொபைல்களில் அபெர்ச்சரைக் (லென்ஸ் துளையை) குறைக்கவும் முடியாது, ஆகவே வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டர் வாங்குங்கள்.

பழைய கேமராவை ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன் என்றால் அது தனியாக வராது. பானசோனிக் ஜிஎச்5 2017இல் வந்தது, நிற விவரம் நிறைந்த 10 பிட் 4:2:2 படத்தை உள்ளேயே பதியும், இன்றைக்கும் நல்ல கேமராதான். ஆனால் லென்ஸ், கார்டு, பேட்டரி என்று செலவு நீளும். பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே இன்னும் மோசம், அதன் எல்பி-இ6 பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. கொஞ்சம் பணம் மிஞ்சினால் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேல் உள்ள ஒரு எல்ஈடி விளக்கும் இரண்டு வெள்ளைத் தெர்மாகோல் பலகையும் வாங்குங்கள். சின்ன சென்சாருக்கு வெளிச்சம் கொடுத்தால்தான் முகம் முகமாக இருக்கும்.

புதுக்கதை:
ரொம்ப நன்றி. மூன்று பேருக்கும் காலர் மைக் மாட்டினால் பூம் வேண்டாம்தானே? அப்புறம் தனியாகப் பதிந்த ஒலியைப் படத்தோடு எப்படிச் சேர்ப்பது?

எடிட்_மேசை:
காலர் மைக் தூரக் காட்சிக்கு உதவும், பூம் நுழைய முடியாத இடத்தில் அதை விட்டால் வழியில்லை. ஆனால் சட்டை உரசும் சத்தத்தை எடிட்டில் எடுப்பது பெரும்பாடு. பூம்தான் முதல், இது துணைக்கு.

சேர்ப்பது சுலபம். ஒவ்வொரு டேக் தொடக்கத்திலும் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி கை தட்டுங்கள், மொபைலிலும் ஒலி பதிவாகட்டும். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே இரண்டு அலைவடிவங்களையும் ஒப்பிட்டுப் பொருத்திவிடும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். பல மொபைல்கள் தம் சொந்தக் கேமரா ஆப்பில் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதியும், நீளமான டேக்கில் உதடும் குரலும் மெல்ல விலகிப்போவது அதனால்தான். அப்படிப் பதிந்துவிட்டால் எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு மாறாத வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் எடுத்து முடித்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அறையின் அமைதியை மட்டும் பதியுங்கள். வெட்டுக்கு வெட்டு பின்னணி மாறுவதை மறைக்க அது இல்லாமல் முடியாது. வாங்கும் முன் மைக்கையும் ரெக்கார்டரையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் படம் எடுக்கப் போகும் அதே வீட்டில், அதே நேரத்தில் பதிந்து பாருங்கள். தெருச் சத்தம் எப்போது அடங்குகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும், ஷெட்யூலை அதை வைத்துப் போடலாம்.