டார்வின் – அடிலெய்டு தடத்தில் சூரியக் காரின் மின்செலவு: சராசரிகளை நம்பலாமா?

கேள்வி:
கல்லூரித் திட்டப்பணிக்காக, ஆஸ்திரேலியாவின் உலக சோலார் சேலஞ்ச் பந்தயம் நடக்கும் ஏறத்தாழ 3000 கி.மீ. தடத்துக்கு மின்செலவைக் கணக்கிட்டு வருகிறேன். ஓட்டுநருடன் சேர்த்து எடை 250 கிலோ, உருளல் தடைக் கெழு (சக்கரங்கள் உருளும்போது எழும் தடைக்கும் எடைக்கும் உள்ள விகிதம்) 0.003, காற்றுத்தடைக் கெழுவையும் முகப்புப் பரப்பையும் பெருக்கிய தொகை 0.08 ச.மீ., வேகம் மணிக்கு 90 கி.மீ. என்று கொண்டால், மோட்டார் இழப்பு உட்பட கி.மீ.க்கு 11 வாட் மணியும், மொத்தம் 33 கிலோவாட் மணியும் வருகின்றன. எதிர்க்காற்றும் பின்காற்றும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று காற்றை விட்டுவிட்டேன். ஏற்ற இறக்கத்தையும் சேர்க்கவில்லை. இவற்றில் எது பெரிய பிழை?

மறுமொழி 1:
எடுத்துக்கொண்ட வேகம் பொருத்தமானதே. 2023-இல் வென்ற பெல்ஜியத்தின் இன்னோப்டஸ் அணியின் சராசரி மணிக்கு 88 கி.மீ. அளவில் இருந்தது. பிழை காற்றில்தான். காற்றுத்தடை சார்பு வேகத்தின் (காற்றோடு ஒப்பிட்ட காரின் வேகத்தின்) வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், காற்று அசையாதபோது ஏறத்தாழ 29 நியூட்டனாக இருக்கும் தடை, நொடிக்கு 5 மீட்டர் எதிர்க்காற்றில் 41 ஆக உயர்கிறது; அதே அளவு பின்காற்றில் 18 ஆகத்தான் குறைகிறது. எதிர்க்காற்றில் கூடுதலாகச் செலவாகும் 310 வாட்டுக்கு ஈடாகப் பின்காற்று 260 வாட்டைக்கூட முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஆகவே தடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, கார் அங்கு சேரும் நேரத்துக் காற்றையே ஒவ்வொரு துண்டுக்கும் இட வேண்டும். ஏற்ற இறக்கத்தை நீங்கள் விட்டதில் பெரிய இழப்பில்லை: தடத்தின் நடுவே வரும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரம் 545 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், 250 கிலோவை அங்கு ஏற்ற 0.37 கிலோவாட் மணியே போதும், அதிலும் பெரும்பகுதி இறங்கும்போது திரும்பிவிடும்.

மறுமொழி 2:
செலவைவிட, வெயிலிலிருந்து கிடைக்கும் மின் வரவில்தான் கணக்கு அதிகம் தவறும் என்பது என் கருத்து. 4 ச.மீ. சிலிக்கான் பலகை உச்சி வெயிலில் 900 வாட்டுக்கு மேல் தரலாம். காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் அதில் பாதிகூட வராது. அக்டோபர் பிற்பகுதியில் டார்வினில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அடிலெய்டிலோ அது வடக்கே 23 பாகை சாய்ந்துவிடும். 2025-இல் பந்தயத்தை அக்டோபரிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றியபோது அந்தச் சாய்வு 46 பாகையை நெருங்கியது. தட்டையான பலகைக்கு இது சுமார் 30 விழுக்காட்டு இழப்பு. பழைய அக்டோபர்த் தரவை வைத்து ஆகஸ்டு ஓட்டத்தைக் கணிப்பவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் வெயில் உள்ளபோது விரைந்தும், மேகத்தில் மெதுவாகவும் ஓட்டுவதாகக் கணக்கிடலாமா?

மறுமொழி 1:
வேண்டாம். பாதித் தொலைவை 80-இலும் மீதியை 100-இலும் ஓட்டினால் சராசரி 89 வரும். ஆனால் முழுவதும் 89-இல் ஓடுவதைவிடக் காற்றுத்தடைக்கான செலவு 4 விழுக்காடு கூடும். வெயிலின் ஏற்றத்தாழ்வைத் தாங்கத்தான் பேட்டரி இருக்கிறது. முன்னால் மேகத் திட்டு இருப்பது உறுதியாகத் தெரிந்தால், அதை மட்டும் சற்று விரைந்து கடக்கலாம். நிழலுக்குள் மெதுவாகப் போவது வெயிலையும் இழந்து, நேரத்தையும் இழப்பதாகும்.